நாற்பத்திரண்டு வினாடிக்கு ஒரு திக்கல்

'நாம் இருவர்' பார்க்கணும் என்று அப்பச்சி சொன்னபோது, அந்த ஆசைக்கு இத்தனை செலவு பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆசையில் நியாயம் இருந்தது. 1947-இல் வந்த அந்தப் படம் சென்னையில் எடுத்ததில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் எடுத்தது. அடுத்த வருஷம்தான் வடபழனிக்குப் போனார். எங்கள் ஐயா ஷூட்டிங் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போய், வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டு, வருகிற வழியில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிவந்தார் என்பது எங்கள் குடும்ப வரலாறு. ஐயாவுக்கு உள்ளே விடாத படத்தை, எண்பது வயதுக்கு மேல் பெரிய டிவியில் உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்பது என்று அப்பச்சி முடிவெடுத்துவிட்டார்.

டிவிடி கைவசம் இருந்தது. எப்போதோ பினாங்கில் வாங்கியது. டிவி இருந்தது. சென்னையில் நான் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது. டிவிடியை அதில் ஏற்றி, கேபிளில் டிவியோடு இணைத்து, பழைய ஸ்பீக்கர் செட்டையும் மாட்டி, நேமத்தான்பட்டி வீட்டுப் பட்டாலையில் வைத்தேன். 'ஹோம் தியேட்டர்' என்று பெயரும் வைத்தேன். "வீடே தியேட்டர் மாதிரிதான இருக்கு" என்றார் ஆத்தா. வளவுக்கும் ரெண்டாங்கட்டுக்கும் நடுவில் தினம் நாற்பது தடவை நடக்கிறவர் சொன்னால் மறுக்க முடியாது.

படம் ஓடியது. டி.ஆர். மகாலிங்கம் வந்தார், பாடினார், ஒரு குறையும் இல்லை. பாரதி பாட்டுக்குக் குமாரி கமலா ஆட வந்தார். அப்பச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளை திக்குது."

"ஆடுறவங்க எப்படி அப்பச்சி திக்குவாங்க?"

"காலைப் பாரு. சக்கரம் மாதிரி சுத்த வேண்டியது, படி ஏறுற மாதிரி விட்டு விட்டுச் சுத்துது."

பார்த்தேன். திக்கத்தான் செய்தது. கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களிலும் அதே கதை. குண்டும் குழியுமான ரோட்டில் போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல.

நான் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன். சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள்தான் என் வேலை, வீடியோவுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இதை ஊரில் யாரும் நம்புவதில்லை. கம்ப்யூட்டர்க்காரன் என்றால் மிக்ஸி வரைக்கும் அவன் பொறுப்பு.

முதல் பழியை இன்டர்நெட்டின் மேல் போட்டேன். முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் பூசிய எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி வைஃபை போகாது, முகப்பில் வைத்தால் வளவுக்கு வராது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். படம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது, இன்டர்நெட்டே வேண்டாம் என்பது பாதி விளக்கத்தில்தான் எனக்கு உறைத்தது. பேச்சை நிறுத்தவில்லை.

அப்புறம் கேபிள். ஒன்று மாற்றினேன். தங்க முலாம் பூசிய இன்னொன்று. அதற்கும் கட்டுப்படாமல் மூன்றாவது. கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டினேன். உள்ளே ஒரு பல்லி, காலமாகி வெகு நாள் ஆனது. பிராசசரின் தலையில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவினேன். ராம் கூட்டினேன். கமலா அதே இடங்களில் திக்கினார்.

காரைக்குடியிலிருந்து ஒரு கடைப் பையன் வந்தான். பதினைந்து வினாடி திரையைப் பார்த்தான். "ஃபார்மட் பண்ணிரலாம் சார்." நம் நாட்டில் கம்ப்யூட்டருக்கு எந்த வியாதி வந்தாலும் இது ஒன்றுதான் மருந்து. வந்துபோனதற்குக் காசும் வாங்கிக்கொண்டான்.

டிவியின் அமைப்புகளைத் துழாவியதில் 'அசைவை வழவழப்பாக்கு' என்கிற மாதிரி ஒன்று அகப்பட்டது. போட்டதும் திக்கல் மறைந்தது. கூடவே 1947-உம் மறைந்துவிட்டது. இல்லாத படங்களை டிவியே நடுநடுவே வரைந்து செருகுவதால், மகாலிங்கம் மத்தியான சீரியலில் மருமகளைப் பெண் பார்க்க வந்தவர் போல வழுக்கிக்கொண்டு நடந்தார். ஆத்தாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "இப்பத்தான் புதுப் படம் மாதிரி இருக்கு." அப்பச்சி ஒன்றும் சொல்லாமல் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அணைத்துவிட்டேன்.

படம் ஓட்டும் மென்பொருளுக்கு அடையாளம் ஓர் ஆரஞ்சுக் கூம்பு, ரோட்டில் வேலை நடந்தால் வைப்பார்களே, அது. பாரிஸில் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த மென்பொருள். அவர்கள் ரோட்டோரக் கூம்புகளைப் பொறுக்கி வந்து விடுதியில் சேர்த்ததன் நினைவு என்பார்கள். "பாதையை மறிக்கிற கூம்பைக் கும்பிட்டுட்டு ஆரம்பிச்சா படம் எப்படி ஓடும்?" என்றார் அப்பச்சி. அந்தக் கூம்புக்குள் புள்ளிவிவரப் பக்கம் ஒன்று உண்டு. தொலைந்த பிரேம்கள்: சுழி. பிராசசருக்கு வேலையே இல்லை, தூங்கி வழிகிறது. இதை முதல் நாளே பார்த்திருந்தால் மூன்று கேபிளும் ஒரு பசை டப்பாவும் மிச்சம். பார்க்கவில்லை.

"ஒரு படம்கூடத் தொலையலையாம் அப்பச்சி."

"சரி, மொத்தம் எத்தனை படம்?"

அப்பச்சி வாலிபத்தில் பினாங்குக் கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தவர். ஐந்தொகையில் ஒரு காசு இடித்தாலும் விளக்கை அணைக்கவிடாத முதலாளியிடம் தொழில் படித்தவர். எண் என்று ஒன்று காதில் விழுந்தால் அவருக்கு மூட்டுவலி போய்விடும்.

"சினிமாவில வினாடிக்கு இருபத்திநாலு."

"இந்த டிவி?"

"வினாடிக்கு அறுபது தடவை காட்டும்."

"அறுபதை இருபத்திநாலால வகு." அவரே வகுத்துவிட்டார். "ரெண்டரை. அரைப் படத்தை எப்படிக் காட்டுவான்?"

காட்ட முடியாதுதான். அதனால் ஒரு படத்தை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. பன்னிரண்டு இரண்டு, பன்னிரண்டு மூன்று, கூட்டினால் அறுபது. அப்பச்சி சிரித்தார். "பந்தியில ஒருத்தனுக்கு ரெண்டு பணியாரம், பக்கத்தில இருக்கறவனுக்கு மூணு. மொத்தக் கணக்கு நேராயிரும். சண்டை வராதா?"

பழைய கொட்டகையில் இந்தச் சண்டை கிடையாது. புரொஜெக்டருக்கு முன்னால் சுற்றும் விசிறி, ஒவ்வொரு படத்தையும் தவறாமல் இரண்டு தடவை காட்டும். எல்லோருக்கும் ரெண்டு பணியாரம். அறுபது என்பது அமெரிக்கக் கரண்டின் கணக்கு. நம் ஊர் கரண்டுக்கு ஐம்பது, நம் ஊர் டிவி ஒளிபரப்புக்கு அதனால் இருபத்தைந்து படம். தூர்தர்ஷன் காலத்தில் இருபத்திநாலை இருபத்தைந்தாக ஓட்டித்தான் சமாளித்தார்கள், ரெண்டரை மணி நேரப் படம் ரெண்டு மணி இருபத்திநாலு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

"அப்ப ஞாயித்துக்கிழமை படத்துக்கெல்லாம் ஆறு நிமிஷம் புடிச்சுக்கிட்டானா?"

"புடிக்கலை அப்பச்சி, வேகமா ஓட்டினாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

விண்டோஸில் போய் அறுபதை இருபத்திநாலாக மாற்றினேன். கமலா சுற்றினார். சக்கரம் போலவே சுற்றினார். ஆத்தாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் அப்பச்சி ஒரு நோட்டை நீட்டினார். பென்சிலில், பத்தி பிரித்து, எழுத்து எழுத்தாக: 42, 41, 42, 42, 41, 42. ராத்திரி கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொல்லிவைத்த மாதிரி நாற்பத்திரண்டு வினாடிக்கு ஒரு தரம், கண் இமைக்கும் நேரம், ஒரு சின்னத் திக்கல். உலகத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

"இது விட்டுறலாம் அப்பச்சி."

"இடிக்குதுப்பா."

இடிக்கிற கணக்கை அவர் விட்டதாகச் சரித்திரம் இல்லை. ராத்திரி நெடுநேரம் துழாவினேன். அமெரிக்காவில் 1953-இல் கறுப்பு வெள்ளை டிவியில் கலரைப் புகுத்தினார்கள். கலருக்கான அலையும் ஒலிக்கான அலையும் மோதித் திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. மோதலைத் தவிர்க்கப் படத்தின் வேகத்தை ஒரு துளி குறைத்தார்கள்: முப்பது போய் 29.97 ஆயிற்று. சினிமாவும் அதே விகிதத்தில் குறைந்து, இருபத்திநாலு 23.976 ஆயிற்று. எங்கள் டிவிடியும் அந்தக் கணக்கில் பதிந்தது. நானோ டிவியை முழு இருபத்திநாலில் ஓட வைத்திருக்கிறேன். டிவி ஆயிரத்தொரு படம் கேட்கிற நேரத்துக்குள் டிவிடியில் ஆயிரம்தான் இருக்கிறது. பற்றாத ஒன்றுக்கு, முந்தின படத்தையே இன்னொரு தரம் காட்டிச் சமாளிக்கிறது. ஆயிரத்தொன்றை இருபத்திநாலால் வகுத்தால் நாற்பத்தொன்றே முக்கால் வினாடிக்குக் கிட்டத்தட்ட. கலரே இல்லாத ஒரு படம், அமெரிக்கக் கலருக்காக நேமத்தான்பட்டியில் திக்கிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் சொன்னேன். அப்பச்சிக்கு ஆயிரத்தொன்றுதான் பிடித்திருந்தது. "மொய் எழுதுற கணக்கால்ல இருக்கு! ஆயிரத்தை வச்சிட்டு ஒத்த ரூபாய்க்குப் பக்கத்தில கைமாத்து வாங்குறான்."

மறுபடி விண்டோஸில் போனேன். 23.976 என்று எங்கும் இல்லை. 23, 24, 50, 59, 60. அவ்வளவுதான். 23-ஐ நான் முன்பே பார்த்தேன், ஏதோ உதவாத எண் என்று தாண்டிப் போயிருந்தேன். அதுதான் அது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு 23 என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். 59 என்றால் 59.94.

"ரூபாயை எழுதிட்டுப் பைசாவை விட்டுட்டானா?" அப்பச்சியின் முகம் மாறிற்று. கமலா திக்கியதைக்கூட அவர் இவ்வளவு மோசமாக எடுத்துக்கொள்ளவில்லை. "தொண்ணூத்தேழு பைசாவுக்கு மேலப்பா! கிட்டங்கியில இப்படி எழுதியிருந்தா அன்னைக்கே கப்பல் ஏத்தியிருப்பாக."

23-ஐப் போட்டேன். படம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். அப்பச்சி பாதிப் படத்தைப் பார்த்தார், மீதிப் பாதியில் கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. முடிந்ததும், ஐயா இதற்காகத்தான் வண்டி கட்டினாரா என்று மட்டும் கேட்டுவிட்டு, நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி மேலே என் பெயரை எழுதினார். கீழே கோடு போட்டார்.

"கேபிள் மூணு. பசை. ராம். அந்தப் பையனுக்குக் கொடுத்தது. மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

"நாலாயிரத்துச் சொச்சம் அப்பச்சி."

பென்சில் நின்றது.

"சொச்சம்னா? நீயும் அந்தக் கம்பெனியிலதான் வேலை பாக்குறியா?"