பாயிண்ட் அப்பா

கோடை விடுமுறையில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வாடகைக் கார்களின் முன் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு குழந்தை, கையில் பாதி பிழிந்த எலுமிச்சம்பழம், சட்டைப் பாக்கெட்டில் இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்த அந்தப் பாஸை போனில் காட்டினாலே போதும். இவர் மூன்று பிரதி எடுத்து வைத்திருப்பார். இவரை உல்லாசப் பயணி என்று சொல்ல மனம் வரவில்லை, உல்லாசத்துக்கான அறிகுறி எதுவும் முகத்தில் இல்லை. ‘எல்லா பாயிண்டும் பார்த்தாச்சு’ என்று ஊரில் போய்ச் சொல்வதற்காக மலையேறுகிறவர் இவர். ஆகவே பாயிண்ட் அப்பா. பார்க்க ஒன்றுமில்லாத இடத்துக்கு வருஷா வருஷம் கூட்டம் குறையாமல் போவது எப்படி என்று ஆராய்கிறவர்கள் சுற்றுலாத் துறையின் விளம்பரத்தைக் குடைய வேண்டியதில்லை. அந்தத் தொழிலைத் தோளில் சுமப்பவர் இவர்தான் என்பது என் கட்சி.

தூண் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 400 அடி உயரத்துக்கு மூன்று கருங்கல் தூண்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் இடம். தெரிந்தால் பிரமாதம்தான். ஆனால் கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், மலையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஊர். தெற்கே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி வெயிலில் காயக் காய, ஈரக்காற்று சரிவில் ஏறி, குளிர்ந்து, மேகமாகி, சரியாகத் தடுப்புக் கம்பிக்கு எதிரே வந்து நிற்கும். அதற்குத் தோதான நேரம் உச்சிவேளை. பாயிண்ட் அப்பா வந்து சேருவதும் உச்சிவேளைதான். காலையில் பெரியவனுக்கு வாந்தி, சின்னதுக்கு இட்லி ஆறவில்லை, கிளம்பும்போது ஒரு ஸ்வெட்டரைக் காணோம். டிக்கெட் வாங்கிக் கம்பியைப் பிடித்து நின்றால், எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. “அப்பா, தூண் எங்க?” “அதான்டா, உள்ள இருக்கு.” “எதுக்குள்ள?” “பனிக்குள்ள.” குழந்தை பனியைப் பார்க்கும், அப்பாவைப் பார்க்கும், கடைசியில் மிளகாய்த்தூள் தடவி மக்காச்சோளம் விற்கிறவரைப் பார்க்கும். மனைவி ஒன்றும் சொல்ல மாட்டார்; அந்தச் சொல்லாதது அவர் காதில் நன்றாகவே விழும். “பத்து நிமிஷத்துல விலகிடும்” என்பார். வானிலை ஆய்வு மையம்கூட இவ்வளவு அடித்துச் சொல்வதில்லை. அப்புறம் மூவரையும் அந்த வெள்ளைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார். வீட்டுக் கொடியில் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு எடுத்திருந்தாலும் அதே படம்தான். குரங்குக் குல்லா மட்டும் மிச்சமாகியிருக்கும்.

மற்ற இடங்களில் ஏமாற்றம் வேறு வேறு ரகம். வெள்ளி அருவியின் தண்ணீர் ஏரியிலிருந்து வழிந்து வருவது. ஏரியோ 1863-இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி உண்டாக்கியது. மழையில்லாத நாளில் ஏரி வழியாவிட்டால், அருவி ஒரு கோடாகத்தான் இறங்கும். அது பாறைக்குப் போட்ட நாமமா, பார்க்க வந்தவருக்குப் போட்டதா என்று சொல்வது கடினம். 1991-இல் வந்த ‘குணா’ படத்தால் பெயர் பெற்ற குகை, 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்தபின் மறுபடி கூட்டம் கண்டது. ஆபத்தான இடம், கம்பி வேலி போட்டது நியாயம். ஆக, குகை இருக்கும் திசையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இரண்டு படத்தையும் பார்த்திராத குழந்தைகள், வழியெல்லாம் படர்ந்து கிடக்கும் மரவேர்களில் தாவிக்கொண்டிருக்கும். “வேரை அப்புறம் பாக்கலாம், குகையைப் பாரு” என்று அப்பா அதட்டுவார். தற்கொலை முனையைப் பச்சைப் பள்ளத்தாக்கு என்று மாற்றிவிட்டார்கள். டிரைவர் பழைய பெயரையே சொல்வதால், ஆறு வயதுப் பிள்ளைக்கு அதன் அர்த்தத்தை விளக்கும் பொறுப்பும் அப்பாவுக்கு வந்து சேர்கிறது.

குழந்தைகளுக்காகத்தானே இந்தப் பாடு என்று அவர் சார்பில் வாதாடுவார்கள். அப்படியானால் குழந்தைகளைக் கேட்டிருக்க வேண்டும். அதுகள் கேட்பது ஏரிக்கரைக் குதிரையும் சைக்கிளும் ஒரு படகும். மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை, பனி மூடினாலும் கிடைப்பவை. அவற்றுக்கு அவர் தரும் பதில் ‘அப்புறம்’. டிரைவரின் லிஸ்டில் இன்னும் நாலு பாயிண்ட் பாக்கி இருக்கிறதே. பனியே ஓர் அழகல்லவா என்று கேட்பவர்கள் ரசனைக்காரர்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூக்கு ஒழுகும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அழகைப் பதினைந்து நிமிஷம் ரசித்துக் காட்டட்டும். பாவம், ஏமாந்த மனுஷன் என்று இரக்கப்படுவதுதான் இவர் விஷயத்தில் பெரிய தப்பு. அவர் ஏமாறவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. தெரிந்தும் சொல்லாததற்குக் காரணம் கணக்கு. சீசன் ரூம் வாடகை, கார் வாடகை, கெஞ்சி வாங்கிய மூன்று நாள் லீவு. இத்தனையும் ஒரு வெள்ளைச் சுவருக்காகப் போனது என்று ஒப்புக்கொண்டால், “பேசாம கன்னியாகுமரிக்குப் போயிருக்கலாம் மாமா” என்று முன்பே சொன்ன மச்சானிடம் ஆயுள் முழுக்கக் கைகட்டி நிற்க வேண்டும். உண்மையின் விலை அவருக்குக் கட்டுப்படியாகாது.

அதனால் திங்கட்கிழமை ஆபீசில் “கொடைக்கானல் எப்படி சார்?” என்று கேட்டவரிடம், “சூப்பர். தூண் பாறையைக் கண்டிப்பா பாருங்க” என்பார். அடுத்த மூச்சிலேயே, “ஆனா காலையில சீக்கிரமே போயிடணும்” என்பார். நடந்த கதை முழுக்க அந்த ‘ஆனா’வில் இருக்கிறது. கேட்டவர் அதைக் கவனிப்பதில்லை. அவருக்கும் வீட்டில் இரண்டு சின்னதுகள். “மலைப்பாதையில பசங்களுக்கு வாந்தி வந்தா என்ன சார் பண்ணுனீங்க?” என்பார். பாயிண்ட் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். எந்த வளைவில் ஆரம்பிக்கும், எலுமிச்சம்பழத்தை எப்போது நீட்ட வேண்டும், கவர் எத்தனை வேண்டும், மாற்றுச் சட்டையை ஏன் டிக்கியில் வைக்கக் கூடாது என்று அரை மணி நேரம், ஒரு வார்த்தை மிகை இல்லாமல் விளக்குவார்.