முக்குக்கு ஒரு அண்ணாச்சி

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நாலு ரத வீதி. முக்குக்கு ஒரு அண்ணாச்சி. மாநகராட்சி அவரை நியமிக்கவில்லை. போலீஸ் கமிஷனர் ஆபீஸுக்கு அவரைத் தெரியாது. ஆனாலும் சாயங்காலம் நாலு மணிக்கு வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் மடித்த விபூதிப் பொட்டலம் சகிதம் டூட்டிக்கு வந்துவிடுவார். பெரும்பாலும் ரிட்டயர்டு ஆசாமி. வேலையில் இருந்த காலத்தில் அவர் பேச்சை ஆபீஸ் பியூன்கூடக் கேட்டதில்லை. அந்தப் பாக்கியை இப்போது வட்டியும் முதலுமாக வாகையடி முக்கில் வசூலிக்கிறார்.

முதல் சோலி போக்குவரத்து. “ஏலே, மஞ்சச் சட்ட! வண்டிய ஓரங்கட்டுலே. ஒங்க தாத்தா போட்ட ரோடா இது?” ஹெல்மெட் இல்லாமல் வருகிற பையனை மறித்து, “நூறு ரூவா அபராதம் 2022 அக்டோபர்ல இருந்து ஆயிரம், தெரியுமாலே?” என்பார். தகவல் சரிதான். அண்ணாச்சியின் ஹெல்மெட் அவர் ஸ்கூட்டர் கண்ணாடியில் தொங்கும். உள்ளே அரைக் கிலோ கத்தரிக்காய் இருக்கும்.

பொழுது சாய்ந்தால் ஜாகை இருட்டுக்கடைப் பக்கம் மாறும். சாயங்காலம் சில மணி நேரம்தான் கடை. அல்வா தீர்ந்தால் பூட்டு. கூட்டம் முண்டாமல் என்ன செய்யும்? “வரிசை, வரிசை! குத்தாலத்துல அருவிக்கே ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனின்னு ஒழுங்கு இருக்கு. அல்வாவுக்கு வரிசைல நிக்கதுக்கு என்ன கொள்ளை?” மதுரையிலிருந்து வந்த குடும்பம் பயந்துபோய் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் சம்பந்தி வருவார். அதட்டல் குரல் அப்படியே குழைந்துவிடும். “வாங்க, வாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சோ? இப்படி முன்னால வாங்க.” வரிசையில் முணுமுணுப்பு எழுந்தால், “அவுகளுக்குச் சுகரு, ரொம்ப நேரம் நிக்கப்படாது” என்பார். சுகர்காரருக்கு அல்வா எதற்கு என்று கேட்கும் தைரியம் அங்கே ஒருத்தருக்கும் கிடையாது.

ஆனி மாதம் பிறந்தால் அண்ணாச்சிக்கு ஓவர்டைம். அஞ்சு தேர் ஓடுகிற திருவிழா அது. 2024இல் சுவாமி தேர் வடம் திரும்பத் திரும்ப அறுந்ததே, அன்றைக்குக் கோயில் அதிகாரிகள், போலீஸ், தடி போடுகிறவர்கள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் யோசனை சொன்னார். வடத்தை மட்டும் தொடவில்லை. மறுநாள் டீக்கடையில், “நான் இல்லேன்னா தேரு இன்னும் முக்குலதான் நிக்கும்” என்று முடித்துவிட்டார்.

அவரை மடக்கியவர் ஒரே ஒருவர்தான், பூக்காரம்மா. “நடைபாதைல கூடைய வைக்கப்படாது, எடு தாயி” என்றார் அண்ணாச்சி. அந்த அம்மா பிச்சிப்பூ கட்டுகிற கையை நிறுத்தவில்லை. “2014லயே எங்களுக்குன்னு சட்டம் போட்டாச்சு அண்ணாச்சி. கணக்கெடுத்து அட்டை குடுக்குறதுக்கு முன்னால எங்கள எந்திரிக்கச் சொல்லப்படாது. ஊரு விற்பனைக் குழுவுல நூத்துக்கு நாப்பது பேராவது எங்க ஆளா இருக்கணும். ஆமா, ஒங்களுக்கு எந்தச் சட்டத்துல அட்டை குடுத்திருக்கு?” அண்ணாச்சி இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு நகர்ந்தார். காசு நாளைக்கு.

இதையெல்லாம் வைத்து அவரை வேண்டாத ஆள் என்று தள்ளிவிட முடியாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் மினி பஸ்ஸை ஒற்றைக் கையால் நிறுத்திப் பிள்ளைகளை அக்கரை சேர்ப்பவர் அவர்தான். காய்ச்சலில் அவர் படுத்துவிட்டால் ஆட்டோக்காரர்களே, “அண்ணாச்சிய எங்க காணோம்?” என்று விசாரிப்பார்கள்.

இந்தச் சீமைக்குக் காவல் ஒன்றும் புதிதல்ல. பாளையக்காரர் காலத்தில் தலக்காவல், தேசகாவல் என்று ஊர்கள் காவலுக்குக் கூலி கொடுத்தன. வாங்குகிறவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது: களவு போன பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். நடைமுறையில் அதிலும் அடாவடி புகுந்தது. மாட்டை ஓட்டிப்போனவனிடமே துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்ட கூத்தெல்லாம் நடந்தது. கம்பெனி ஆட்சி அந்த முறையைக் கலைத்துப் போட்டது. ஆனால் நிபந்தனை நல்ல நிபந்தனை.

அண்ணாச்சி எடுத்துக்கொண்டது காவலின் முதல் பாதியை, அதட்டுகிற உரிமையை. ஈடு கட்டுகிற இரண்டாம் பாதியைக் கண்டுகொள்ளவில்லை. சம்பந்தி முன்னால் போனதால் அல்வா கிடைக்காமல் திரும்பிய மதுரைக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? காக்கிச் சட்டைக்கும் இதே கேள்விதான். சட்டம் கடுமையாக இருந்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும். ஆளுக்கொரு சட்டம் என்றால்தான் பொறுக்காது.

ஆகவே அண்ணாச்சி, முக்கில் தாராளமாக நில்லுங்கள். ஊர் வரி போட்டு ஒரு விசில்கூட வாங்கித் தருகிறோம். சம்பந்தியை மட்டும் வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். பூக்காரம்மா காசையும் கொடுத்துவிடுங்கள்.