கறை வைத்தியர்

முகூர்த்தத்துக்கு மறுநாள் தர்மபுரியில் ஏதாவது ஒரு டிரை வாஷ் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றால் போதும், முந்தின நாள் பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று சொல்லிவிடலாம். சாம்பார், வத்தக்குழம்பு, பாயசம், பீடா எல்லாம் பட்டுப்புடவை ஏறி, கட்டைப்பைக்குள் மடங்கி, வரிசையில் வந்து நிற்கும். மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் கறை வைத்தியர். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், எங்கே போனாலும் ஆள் வேறாக இருப்பார், பாவனை ஒன்றுதான்.

புடவையைப் பிரித்ததும் அவர் கறையைப் பார்க்கமாட்டார். கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பார். "எப்பங்க பட்டுச்சு?" "என்னங்க பட்டுச்சு?" இந்த இரண்டுக்கும் பதில் தடையில்லாமல் வரும், பரிமாறிய பையனின் வம்சத்துக்கே சாபத்தோடு. மூன்றாவது கேள்விக்குத்தான் குரல் கம்மும். "வீட்டுல ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஐயோ, இல்லீங்ணா. அப்படியே எடுத்தாந்தேன்."

இந்த ஒரு பதிலை மட்டும் அவர் வாழ்நாளில் நம்பியது கிடையாது. சாம்பாரோடு அவருக்குச் சண்டையே இல்லை. அதிலிருக்கிற எண்ணெய் பெட்ரோல் வாஷில் போய்விடும். அதற்கு அசையாத உப்பையும் புளியையும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுவார். சாம்பாருக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்த டூத்பேஸ்ட், எலுமிச்சம்பழம், துணி சோப்பு, அடுத்த வீட்டு அக்காவின் யோசனை, இவற்றோடுதான் ஜென்மப் பகை.

"குங்குமங்க" என்று சொல்லி ஒரு பெண் நீட்டிய முந்தானையில் சிவப்பாக ஒரு திட்டு. வைத்தியர் முகர்ந்து பார்த்தார். "மஞ்சளுங்க. நீங்க சோப்புப் போட்டதுல செவந்திருச்சு." அந்த அம்மா வாயடைத்துப்போனார். சோப்பிலிருக்கிற காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்துத்தானே வீட்டில் குங்குமமே செய்தார்கள்! ஒரு வகையில் அந்த அம்மா சொன்னதும் பொய்யில்லை. அசல் திருடன் பாயசம் என்பார் வைத்தியர். அன்றைக்குக் காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் சர்க்கரை கருகி, பழுப்பாக எழுந்து நிற்கும். பழி இஸ்திரி போட்டவன் தலையில் விழும்.

அவரிடம் இன்னொரு சங்கதி உண்டு. சந்தேகப்பட்ட புடவையின் ஓரத்தில் ஓர் இழையை உருவி, கடைக்குப் பின்னால் போய்க் கொளுத்திப் பார்ப்பார். முடி கருகிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியாக மணி திரண்டால் பாலியெஸ்டர். இருபதாயிரம் கொடுத்து வாங்கினோம் என்று பெருமையோடு நிற்கும் தம்பதியிடம் அந்த மணியைக் காட்டுகிற கல்நெஞ்சம் அவருக்கு இல்லை. திரும்பி வந்து, "நல்ல புடவைங்க. தைரியமாத் தண்ணியிலயே நனைக்கலாம்" என்பார். அதைப் பாராட்டு என்று நினைத்து அவர்களும் மகிழ்ச்சியோடு போவார்கள்.

வடக்கே இருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி சின்னதாக ஒரு காஷ்மீர் பட்டுக் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து வைத்தார். வைத்தியர் அதைக் குப்புறப் போட்டு, நெருக்க நெருக்கமாகக் கையால் போட்டிருந்த முடிச்சுகளை வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இதும்மேல நடக்கறீங்களா சார்?" என்று கேட்டார். கொலைக் குற்றம் சாட்டியதைப் போல அதிகாரி நெளிந்தார். பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது, இழை சாய்ந்திருக்கிற திசையிலேயே தூசி தட்ட வேண்டும், வெயிலில் விரித்தால் நிறம் வெளுக்கும், மடித்தால் மடிப்பில் விட்டுப்போகும் என்று வரிசையாகச் சொல்லி, இன்னும் பெரிய இடமாகப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். கைக்கு மீறிய நோயாளியைத் தொடமாட்டார், அது ஒரு கௌரவம்.

அவர் உண்மையிலேயே கலங்கி நான் பார்த்தது ஒரே ஒரு நாள். பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர், அரசு பட்டுக்கூடு அங்காடியில் கூடு போட்டுவிட்டு, அந்தக் கையோடு கல்யாணப் புடவையையும் எடுத்து வந்திருந்தார். பட்டுப்புழுவைக் கைக்குழந்தையாக வளர்க்கிறவர். மல்பெரி இலை கொய்து போட்டு, புழுவின் நாலு தூக்கம் கணக்குப் பார்த்து, ஏறத்தாழ இருபத்தைந்து நாள் கண்விழிக்கிறவர். புடவை நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பொத்தல், சுற்றிலும் மஞ்சள் பூத்த விளிம்பு.

"என்னம்மா போட்டீங்க?"

"பிளீச்சிங் பவுடர்தானுங்ணா. ஒவ்வொரு தடவையும் புழு மனையைப் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போட்டுத்தான் கழுவறோம். ஆபீசருங்களே அதைத்தான் சொல்றாங்க. புழுவுக்கே ஒண்ணும் ஆகலையே!"

இதில் எங்கே குற்றம் காண்பது? நோய் வராமலிருக்கப் புழு மனைக்கு அதுதான் மருந்து. அதே குளோரின் பட்டு இழையில் பட்டால் இழையைத் தின்றுவிடும், ஏனென்றால் பட்டு, நம் தலைமுடி மாதிரி, புரதம். வழக்கமாக எதற்கும் "பாக்கலாங்க" என்று இழுக்கிறவர் அன்றைக்கு அதையும் சொல்லவில்லை. புடவையை மேஜைமேல் விரித்து, மடித்து, மறுபடி விரித்து, கடைசியில், "கட்டும்போது இந்தப் பக்கத்தைக் கொசுவத்துக்குள்ள குடுத்துருங்க. ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். காசு வாங்கவில்லை.

ரகசியம் காப்பதிலும் கெட்டிக்காரர். தங்கை இரவல் கட்டிய அக்கா புடவை, கறையோடு வந்து, கறையில்லாமல் போகும். அடுத்த வாரமே அந்த அக்கா அதே புடவையைக் கொண்டுவந்து, "இதுவரைக்கும் ஒரு சொட்டு பட்டதில்லீங்க, சும்மா பாலிஷ் போட்டுக் குடுங்க" என்பார். வைத்தியர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அதாங்க பார்த்தாலே தெரியுதே" என்று ரசீது எழுதுவார். அந்த ரசீதின் அடியில், சாயம் போனால், ஜரிகை கறுத்தால் கடை பொறுப்பல்ல என்று எறும்பெழுத்தில் அச்சடித்திருக்கும்.

இத்தகையவரைக் கல்யாணத்துக்கு அழைப்பது கொஞ்சம் ஆபத்து. பந்தியில் உட்கார்ந்தால் இலையைப் பார்க்கமாட்டார், எதிர்வரிசைப் புடவைகளைப் பார்ப்பார். போன வைகாசியில் மாப்பிள்ளையின் அத்தைமேல் ரசம் சிந்தியது. அந்த அம்மா கைக்குட்டையை நனைத்துப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்ததும் இவருக்குப் பொறுக்கவில்லை. "தேய்க்காதீங்க! ஒத்தி எடுங்க!" என்று கத்திக்கொண்டே எச்சில் கையோடு ஓடி, இடது கையால் முந்தானையைப் பிடித்துவிட்டார். மண்டபமே எழுந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் நாலு பேர் வேட்டியை மடித்துக்கட்டினார்கள். பெண்வீட்டார் ஓடிவந்து, "டிரை வாஷ் கடைக்காரருங்க, நல்ல மனுஷனுங்க" என்று விளக்கிச் சமாதானம் செய்து முடிப்பதற்குள் அவருடைய இலையை எடுத்துவிட்டார்கள்.