கார்டுக்கு முன்னால் மானிட்டரைப் பாருங்கள்

4கே மானிட்டர் வாங்கினேன். பழைய கிராஃபிக்ஸ் கார்டு திணறுகிறதே, ஏன்?
*- வாசகர், சரஸ்வதிபுரம், மைசூரு*

திணறாமல் என்ன செய்யும்? 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே-யில் 82.9 லட்சம். அத்தனையையும் நொடிக்கு 60 தடவை புதிதாகத் தீட்ட வேண்டும். சம்பளத்தை ஏற்றாமல் வேலையை மட்டும் நாலு மடங்காக்கினால் எந்த ஊழியர் தாங்குவார்? இனிமேல் மானிட்டர் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 27 அங்குலத் திரைக்கு 1440பி தாராளம். மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ விலை கட்டுப்படியாகிறது. 4கே-க்கு எடுக்கலாமா?
*- கல்லூரி மாணவர், குவெம்பு நகர்*

வேண்டாம். 2025-இல் வந்த இந்தக் கார்டு ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு விதமாக விற்கிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படித்தான். விலை குறைவாகத் தெரிந்தால் அது 8 ஜிபியாக இருக்கும். காட்சிக்கு வேண்டிய டெக்ஸ்சர்களைக் கார்டு தன் நினைவகத்தில்தான் வைத்துக்கொள்கிறது. அங்கே இடம் போதாவிட்டால் கணினியின் ராமிடம் ஓடி ஓடி வாங்கி வர வேண்டும். ஆட்டம் விட்டுவிட்டு நகரும். 16 ஜிபி 5060 டிஐ-யும் 1440பி-க்குத்தான் பொருத்தம். 4கே-க்கு என் சிபாரிசு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி. இரண்டிலும் 16 ஜிபி உண்டு. இரண்டும் சுமார் 300 வாட் இழுக்கும்.

மழைக்காலத்தில் கரன்ட் போய்ப் போய் வருகிறது. 600 விஏ யுபிஎஸ், 5080-ஐத் தாங்குமா?
*- வாசகர், விஜயநகர்*

தாங்காது. அந்த அளவு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். 5080 கார்டு ஒன்றுக்கே 360 வாட் வேண்டும். ப்ராசஸருக்கு என்ன மிச்சம்? யுபிஎஸ்ஸைப் பெரிதாக்குங்கள். கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை 850 வாட்டுக்குக் குறையக் கூடாது. ப்ளக்கில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பில் இல்லாமல் வாங்கினால் மலிவாமே?
*- வாசகர், கோகுலம்*

18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம், உத்தரவாதம் அம்போ. பில்லோடு வாங்குங்கள்.

டிஎல்எஸ்எஸ் போட்டால் அது போலி 4கே-வா?
*- வாசகர், ஜெயலட்சுமிபுரம்*

டிஎல்எஸ்எஸ்ஸின் குவாலிட்டி நிலையில் கார்டு உள்ளே 1440பி-யில் தீட்டி, அதை 4கே-யாக வளர்த்துத் தருகிறது. உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லையா? தயங்காமல் போடுங்கள்.

மகன் 5090 கேட்கிறான். ஏஐ படிக்கவும் உதவும் என்கிறான். வாங்கித் தரலாமா?
*- ஒரு தாய், மைசூரு*

உதவும் என்பது பொய்யில்லை அம்மா. அதில் 32 ஜிபி நினைவகம் இருக்கிறது. பெரிய ஏஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்டலாம். ஆனால் 575 வாட் இழுக்கும், 1000 வாட் பவர் சப்ளையும் கேட்கும். கல்லூரிப் பாடத்துக்கும் 4கே விளையாட்டுக்கும் 16 ஜிபி போதும். 5070 டிஐ வாங்கிக் கொடுங்கள்.