டெல்கோ புராணம்

திண்டுக்கல்லில் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் பெட்ரோலைத் திட்டாமல் சாவி போடுவதில்லை. நான் ஒரு படி மேல்: திட்டிவிட்டு பானெட்டைத் திறந்து, ஸ்பார்க் நேரத்தை வைக்கும் டெல்கோவையும் திருகுவேன்.

என்னுடையது 1986 மாடல், 1489 சிசி. வேடசந்தூர் ரோட்டுச் சமவெளியில் சாதுவாகப் போகும். சிறுமலை ஏற்றத்தில் மட்டும், இரண்டாவது கியரில் மிதித்தால் ‘டக டக’. நாக்கிங்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். மச்சினனை உட்காரவைத்துப் பாடமும் எடுத்தேன்: ஆக்டேன் குறைந்த பெட்ரோல் என்றால், ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடியும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும், அதனால் ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டும். பாடம் சரி. பெட்ரோல்தான் மாறிப்போயிருந்தது.

இந்த இன்ஜின் பழகியது ஈயம் கலந்த 87 ஆக்டேனுக்கு. ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றது. பிறகு 88, 91 என்று ஏறி, 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு ஆக்டேன் 95. அழுத்த விகிதம் ஏழு சொச்சமே உள்ள கிழட்டு இன்ஜினுக்கு இது ராஜ போஜனம். நான் அதற்குப் பத்தியம் போட்டுக்கொண்டிருந்தேன்.

டெல்கோவின் திருகில் ‘ஏ’ என்றால் ஸ்பார்க் முந்தும், ‘ஆர்’ என்றால் பிந்தும். டைமிங் லைட் வாங்கக் கை வரவில்லை, காதை நம்பினேன். சத்தம் நிற்காததால் ‘ஆர்’ பக்கமே திருகிக்கொண்டிருந்தேன். பிக்கப் போயிற்று. ஸ்பார்க் பிந்தினால் எரிதலும் பிந்தும். வண்டியைத் தள்ள வேண்டிய சூடு சைலன்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகும். மலை வாழைப்பழம் வாங்கக் கிளம்பியவன் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். டவுன் பஸ் ஹாரன் அடித்து முந்தியது. படிக்கட்டில் தொங்கியவர்கூடப் பரிதாபப்பட்டார்.

பேகம்பூர் மெக்கானிக் பாய் டெல்கோவைத் தொடவே இல்லை. “ஹேண்ட் பிரேக்கப் போட்டு, கிளட்ச்ச லேசா விடுங்க சார்” என்றார். இன்ஜின் ஒருபக்கம் சாய்ந்தது. ‘டக டக’.

“பெட்ரோல் தட்டல சார், சைலன்சர் பைப்பு தட்டுது. மவுண்டிங் ரப்பர் போச்சு.”

மச்சினன் பக்கத்தில்தான் இருந்தான். டாக்ஸி டிரைவர்கள் இரண்டு பேர்கூட இருந்தார்கள்.

பாய் டைமிங்கைப் பழைய குறிக்கே கொண்டுவந்து, ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, ‘ஏ’ பக்கம் ஒரு பொடி நகர்த்தினார். வண்டிக்கு உயிர் வந்தது.

எத்தனால் பெட்ரோல் குற்றமற்றது என்று சொல்லமாட்டேன். எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. பழைய கார்புரேட்டர் ஜெட்டில் கலவை மெலிந்துபோகும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை உப்பவைக்கும். என் வண்டியில் பெட்ரோல் ஹோஸ் கசிந்துகொண்டே இருந்ததாம். டெல்கோவையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

பழைய வண்டிக்காரர்களே, முதலில் அந்த ஹோஸை மாற்றுங்கள். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கலாம். டைமிங் அப்புறம்.