ஜாதகப் பருவம்

கேள்வி: சென்னையின் எஃப்.சி. புதிய வீரர்களை ஒப்பந்தம் செய்யும்போதெல்லாம், ‘இம்முறை கோப்பை நமதே’ என்று உள்ளம் துள்ளுகிறதே, இது வியாதியா, பக்தியா?
– கால்பந்துப் பித்தர், நெமிலிச்சேரி

பதில்: இரண்டுமில்லை, ஜாதகப் பொருத்தம் பார்க்கும் பருவத்துப் பூரிப்பு. தரகர் நீட்டும் புகைப்படத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் வழுக்கை தெரிவதில்லை. அதுபோலவே, 2017 ஜூலையில் மும்பையில் அணிகள் முறைவைத்து வீரர்களைப் பொறுக்கிய ‘டிராஃப்ட்’ வைபவமாயினும், இன்றைய ஒப்பந்த அறிவிப்பாயினும், வருகிறவரெல்லாம் சாட்சாத் அர்ஜுனனாகவே அவதரிக்கிறார். அவருடைய பழைய முழங்கால் உபாதை, பந்து உருளத் தொடங்கிய பிறகே நம் கண்ணில் படும்.

ஆயினும் உமது ஆசையைப் பிரமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2015-இல் நம் அணி வீரர் மெண்டோசா 13 கோல் போட்டுக் கோப்பையைக் கொணர்ந்தார். மறு ஆண்டு அவர் இல்லை, எட்டு அணிகளில் நாம் ஏழாவது. 2018 மார்ச்சில், பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என வீழ்த்தி மகுடம் சூடிய அணி, அவ்வீரர்களில் பலரைத் தக்கவைத்துக்கொண்டும், அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளே ஈட்டிக் கடைசி ஸ்தானத்தை அலங்கரித்தது. (அந்த மௌன காலத்தை உம்மிடம் விவரிப்பது பாவம்.) அதற்கடுத்த பருவத்திலோ, நம்மில் எவரும் பெயரைக்கூடத் திருத்தமாக உச்சரிக்கவியலாத வால்ஸ்கிஸ் என்ற லிதுவேனியப் புதுவரவு 15 கோல் போட, அதே அணி இறுதியாட்டம் வரை சென்றது.

ஆகவே தாராளமாகத் துள்ளும். மூர் மார்க்கெட் வண்டியேறி நேரு ஸ்டேடியத்துக்கும் வாரும். திரும்பும் ரயில் சீட்டை மட்டும் முன்னதாகவே வாங்கிவிடும். தோற்ற இரவில் வரிசையில் நிற்கக் கால் வராது.