இட்டேரியில ஒரு போர்டு

வா மாப்ள, கயித்துக் கட்டல்ல உக்காரு. மூஞ்சி ஏன் சுண்டிக் கெடக்குது? இட்டேரி வாயில கம்பியக் கட்டி, 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்'னு செவப்புப் பெயிண்டுல எழுதி வெச்சுட்டானாக்கும். நீயும் அதப் படிச்சுட்டு அரை மைல் சுத்தித் தோட்டத்துக்குப் போறியாமா. உங்கப்பன் உன்னயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது வீண் போகல.

எழுதுனவன் பெயிண்டரு, கூலி குடுத்தவன் புதுசா நெலம் வாங்குனவன். இதுல சர்க்கார் எங்க வந்துச்சு? குத்தம் பண்ண, மெரட்ட, வம்புக்கு இழுக்கன்னு ஒரு எண்ணத்தோட நுழைஞ்சாத்தான் பாரதிய நியாய சன்ஹிதா 329-வது பிரிவு பாயும். மூணு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லாட்டி 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம். எருமைக்குத் தண்ணி காட்டப் போறவனுக்கு என்ன எண்ணம்? ஆனா கடப்பாறையத் தூக்கீராத. கம்பிய அறுத்தீன்னா அந்த எண்ணத்த நீயே அவங்கையில குடுத்த மாதிரி.

மொதல்ல புலப்படமும் அ-பதிவேடும் வாங்கிப் பாரு. வண்டிப்பாதை புறம்போக்குன்னு இருந்தா அது சர்க்கார் தடம். 1905-ம் வருசத்து ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்குது, தாசில்தாரே நோட்டீசு குடுப்பாரு. அசையலைன்னா பொதுவழிய அடைச்சுட்டான்னு ஆர்டிஓகிட்ட மனுப் போடு.

பட்டாக்காட்டுக்குள்ள ஓடுற தடமா? அப்ப உங்க தாத்தன் பாகபத்திரத்தத் தொறந்து, 'மாமூல் வண்டித் தடப் பாத்தியம்'னு ஒரு வரி இருக்குதான்னு தேடு. இல்லைன்னாலும் 1882-ம் வருசத்து ஈஸ்மெண்ட் சட்டம் இருக்குது. 20 வருசம் தடையில்லாம, ஒளிவுமறைவு இல்லாம, உரிமையா நடந்திருக்கோணும். அந்த 'உரிமையா'ங்கறதுலதான் நீ கோட்டை உட்டுட்ட. பொங்கலுக்கு வாழப்பழத் தாரோட போயி, 'கொஞ்சம் வழி உடுங்கண்ணா'ன்னு கும்புட்டயாமே? அனுமதி வாங்கி நடந்தது கணக்குல சேராது மாப்ள. அவன் வக்கீலு மொதக் கேள்வியே அந்தத் தாரப் பத்தித்தான் கேப்பான். மரியாத தெரிஞ்ச புள்ளைன்னு ஊரு சொல்லும், முன்சீப்பு சொல்ல மாட்டாரு.

இன்னொண்ணு. ரோசத்துல சுத்திக்கிட்டே போனீன்னு வையி, வழி அடைபட்டு ரெண்டு வருசத்துக்குள்ள கேசு போடலைன்னா அந்த 20 வருசமும் தண்ணியில கரைச்ச உப்புத்தான். அதுனால இன்னைக்கே போர்டப் போட்டோ புடி. அவம் போட்ட போர்டு உனக்குத்தான் சாச்சி. வக்கீல உட்டு நோட்டீசு அனுப்பு. அப்பறம் முன்சீப் கோர்ட்டுல தடப் பாத்தியம் உண்டுன்னு தீர்ப்பு கேளு, மறிக்கக் கூடாதுன்னு தடையுத்தரவும் கேளு. வக்கீல் கமிஷனர் போட்டுக் குடுங்கன்னும் கேளு. சர்வேயரோட வந்து, கல்லு தேடி, இட்டேரி அகலத்த அளந்து அறிக்க குடுப்பாரு.

எந்திரிச்சுட்டியா? இரு, காப்பி வருது. சர்வேயரு வாரதுக்குள்ள உம்பக்கத்துக் கிளுவ வேலியக் கொஞ்சம் பாத்துக்க. ரெண்டு மழைக்கு முன்னால, ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெச்சு ஒண்ணரை மொழம் தள்ளி நட்டியே, அது. சங்கிலி ரெண்டு பக்கமும் ஓடும்.